மூளைத் தமனி ஸ்டென்டும் சி.டி. ஸ்கேனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளைக்குள் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், அவர்கள் வீட்டார், ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன்கள், ரிப்போர்ட் எழுதப் பழகும் இளம் டாக்டர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். முதல் ஏழு கேள்விகள் எல்லோருக்குமானவை. அதற்குப் பிறகு கொஞ்சம் ஸ்கேன் அறைக்குள் போகிறோம்.

1. ஹார்ட்டுல வைக்கிற அதே ஸ்டென்ட்தானே தலையிலயும் வைக்கிறாங்க?

பெரும்பாலும் இல்லை. இதய ஸ்டென்ட் பலூன்மேல் ஏற்றி ஊதி விரிக்கும் வகை. ஸ்டீலிலோ கோபால்ட்-குரோமியத்திலோ செய்தது. மூளைத் தமனி சுவர் மெல்லியது, வளைந்து நெளிந்து போவது, வெளியே தாங்கிப் பிடிக்கத் தசை எதுவும் இல்லாமல் திரவத்தில் கிடப்பது. அழுத்தி ஊதினால் கிழியும் அபாயம் உண்டு. அதனால் நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் உலோகத்தில், குழாயிலிருந்து வெளியே விட்டதும் தானே விரியும் ஸ்டென்ட்களே இங்கே அதிகம். கொழுப்புப் படிந்து சுருங்கிய தமனிக்கு விங்ஸ்பேன். அனியூரிசம் என்னும் புடைப்பில் நிரப்பிய காயில் என்னும் கம்பிச் சுருள் வெளியே சரியாமல் இருக்க நியூரோஃபார்ம், என்டர்பிரைஸ், எல்விஸ். புடைப்புக்குள் ரத்தம் போவதையே குறைக்க பைப்லைன் போன்ற ஃப்ளோ டைவர்ட்டர்கள்.

அளவுதான் முக்கியம். நடு மூளைத் தமனியின் முதல் பகுதி ஏறக்குறைய 2.5 முதல் 3 மி.மீ., பேசிலர் தமனி 3 முதல் 4 மி.மீ. விங்ஸ்பேன் 2.5 மி.மீ. முதல் 4.5 மி.மீ. வரையான விட்டங்களில் வருகிறது. கம்பியின் தடிமன் 0.1 மி.மீ.க்கும் குறைவு. பைப்லைனில் 48 இழைகள், ஒவ்வொன்றும் சுமார் 0.03 மி.மீ. இந்தச் சின்ன எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிச் சிக்கல்கள் தானாகப் புரியும்.

சில நேரம் இதய ஸ்டென்டையே மூளையிலும் வைப்பதுண்டு. அப்படியென்றால் ஸ்கேன் படிப்பவருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். காரணம் 6-ம் கேள்வியில்.

2. ஸ்டென்ட் வெச்சாச்சு, நல்லா இருக்காரு. எதுக்கு மறுபடி மறுபடி ஸ்கேன்?

வைத்த ஸ்டென்டுக்குள் இரண்டு விதமாகச் சிக்கல் வரலாம். முதல் சில நாட்களிலும் வாரங்களிலும் வருவது ரத்தக்கட்டி. மாத்திரை விட்டுப்போவது, ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் சிலருக்குச் சரியாக வேலை செய்யாமல் போவது, ஸ்டென்ட் சுவரோடு ஒட்டாமல் நிற்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். சில மாதங்கள் கழித்து வருவது, உள்தசை (குழாயின் உள்சுவர்த் திசு) வளர்ந்து மறுபடி சுருங்குவது. ஸ்டென்டுக்குள்ளோ அதன் முனையிலிருந்து 5 மி.மீ.க்குள்ளோ 50%-க்கு மேல் சுருக்கம், அதோடு வைத்தபோது இருந்ததைவிட 20%-க்கு மேல் உள்விட்டம் இழப்பு: மறுசுருக்கத்துக்குப் பரவலாகப் பயன்படும் வரையறை இதுதான். விங்ஸ்பேன் வந்த புதிதில் கண்காணித்தவர்களில் பத்துக்கு மூன்று பேர்வரை இது காணப்பட்டது.

விங்ஸ்பேன் ஸ்டென்டை மருந்துச் சிகிச்சையோடு ஒப்பிட்ட சாம்ப்ரிஸ் ஆய்வில், முதல் 30 நாளில் பக்கவாதமோ மரணமோ ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7%, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5.8%. அதனால் 2011-ல் நோயாளிகளைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்டென்ட் யாருக்கு என்பதில் டாக்டர்கள் கறாராகிவிட்டார்கள். வைத்தவர்களைக் கண்காணிப்பதும் அதே அளவு கறாராக நடக்கிறது.

எப்போது எடுப்பது என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும். வைத்த 24 மணி நேரத்துக்குள் ஊசியில்லாத சி.டி., 3 முதல் 6 மாதத்தில் சி.டி. ஆஞ்சியோ, 6 மாதத்திலோ ஒரு வருடத்திலோ டி.எஸ்.ஏ. (குழாய் நுழைத்து எடுக்கும் ஆஞ்சியோ) என்பது பரவலான பழக்கம். புதிதாக ஏதாவது அறிகுறி வந்தால் தேதி பார்க்க வேண்டியதில்லை.

3. சாதா சி.டி. போதாதா? ஊசி போட்டே ஆகணுமா?

சாதா சி.டி. மூளையைக் காட்டும், குழாயின் உள்ளே காட்டாது. ரத்தக்கசிவு, புதிதாகச் செத்துப்போன பகுதி, ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். ரத்தமும் உள்தசையும் அதில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். பக்கத்திலேயே உலோகம் வேறு. அடைப்பு இருக்கிறதா என்று கேட்டால் சாதா சி.டி.யிடம் பதில் இல்லை.

அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைக் கைநரம்பில் வேகமாக ஏற்றி, அது மூளைத் தமனிக்குள் நிறைந்திருக்கும் அந்தச் சில விநாடிக்குள் எடுப்பதுதான் சி.டி. ஆஞ்சியோ. உடம்பு முழுக்கச் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போல் தோன்றும், வாயில் உலோக ருசி வரும். ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். பயந்து தலையை அசைத்தால்தான் வம்பு: 3 மி.மீ. குழாயைப் பார்க்கும்போது 1 மி.மீ. அசைவே படத்தைக் கெடுத்துவிடும்.

4. எம்.ஆர்.ஐ. இதைவிட நல்ல ஸ்கேன்னு சொல்றாங்களே? கம்பி இருக்கறதால அது ஆகாதா?

ஆபத்து என்பதற்காகத் தவிர்ப்பதில்லை. இன்று புழக்கத்தில் உள்ள நிட்டினால் ஸ்டென்ட்கள் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு 1.5 டெஸ்லாவிலும் 3 டெஸ்லாவிலும் எம்.ஆர்.ஐ. எடுக்க ஏற்றவை. டிஸ்சார்ஜ் சம்மரியோடு தரும் இம்ப்ளான்ட் அட்டையில் பெயரும் அளவும் இருக்கும். அதைப் பத்திரமாக வைத்து, எந்த ஸ்கேனுக்குப் போனாலும் கொண்டுபோங்கள்.

எம்.ஆர். ஆஞ்சியோவில் கஷ்டம் வேறு. உலோகக் கூண்டு ரேடியோ அலைகளை உள்ளே விடாமல் மறைக்கிறது. சுற்றியுள்ள காந்தப்புலத்தையும் குலைக்கிறது. ஸ்டென்ட் இருக்கும் நீளம் முழுக்க ரத்தக்குழாய் அறுந்துபோனது போல் கறுப்பாகத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்து முழு அடைப்பு என்று கதிகலங்கி வருபவர்கள் ஏராளம். எதிரொலி நேரத்தை மிகக் குறைத்து எடுக்கும் சைலன்ட் எம்.ஆர்.ஏ. முறையில் இது வெகுவாகக் குறைகிறது, ஆனால் எல்லா இடத்திலும் அது கிடையாது. மூளைத் திசுவுக்கு எம்.ஆர்.ஐ. சிறந்தது, ஸ்டென்டின் உட்புறத்துக்கு, சாதாரணமாகக் கிடைக்கும் வசதியில், சி.டி. ஆஞ்சியோ நம்பகமானது.

5. அப்போ நேரா ஆஞ்சியோவே பண்ணிடலாமே, எதுக்கு இந்தச் சுத்து வழி?

டி.எஸ்.ஏ. தான் இன்றும் உரைகல். தொடையிலோ மணிக்கட்டிலோ நுழைத்த குழாய் வழியே நேராக மூளைத் தமனியில் மருந்து விட்டு எடுப்பது, 0.2 மி.மீ. அளவு நுணுக்கம் தெரியும், ரத்தம் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதும் தெரியும். ஆனால் கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) வேண்டும், சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும், நிரந்தரமான நரம்புப் பாதிப்பு வரும் வாய்ப்பு 1%-க்குக் கீழே என்றாலும் பூஜ்யம் இல்லை. ஒவ்வொரு முறையும் அதையே செய்வது நியாயமில்லை.

அதனால் சி.டி. ஆஞ்சியோவை வடிகட்டியாக வைத்துக்கொள்கிறோம். அதில் உட்புறம் நன்றாகத் திறந்து தெரிந்தால் நம்பலாம், ஏனென்றால் சி.டி. செய்யும் தவறு பெரும்பாலும் சுருக்கத்தைப் பெரிதாகக் காட்டும் தவறு. சுருக்கம் என்று தெரிந்தால், அதை வைத்து மறுபடி பலூன் போடுவது போன்ற முடிவுக்குப் போகும் முன் டி.எஸ்.ஏ.வில் உறுதி செய்தே ஆகவேண்டும்.

6. மூணு மாசத்துலயே "ஸ்டென்ட் உள்ளே 40% சுருக்கம்"னு ரிப்போர்ட் வந்திருக்கு. அவ்வளவு சீக்கிரமாவா?

அந்த 40%-ல் உண்மை எவ்வளவு, படத்தின் குறை எவ்வளவு என்று முதலில் பிரிக்க வேண்டும். சாதாரண சி.டி. கருவியால் ஏறக்குறைய 0.4 முதல் 0.5 மி.மீ.க்குக் குறைந்த ஒன்றை அதன் உண்மை அளவில் காட்ட முடியாது. 0.07 மி.மீ. கம்பி, அதன் அடர்த்தியால், மட்டமான தாளில் பேனா மை ஊறுவது போல் இருபக்கமும் பரவித் தெரியும். ப்ளூமிங் என்று இதைச் சொல்வார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மி.மீ. விரிந்த ஸ்டென்ட். கம்பி படத்தில் 1 மி.மீ. பட்டையாகத் தெரிகிறது, அதில் பாதி வெளிப்பக்கம், பாதி உள்பக்கம் விழுகிறது. எதிர்ச் சுவரிலும் அதே அரை மி.மீ. உள்பக்கம். 3 மி.மீ. உள்விட்டம் 2 மி.மீ. ஆகிவிட்டது. துளியும் தசை வளராமலேயே 33% சுருக்கம். இதே பரவல் 4 மி.மீ. ஸ்டென்டில் 25%, 2.5 மி.மீ. ஸ்டென்டில் 40%. குழாய் சிறுக்கச் சிறுக்கப் பொய் பெருகும். இதய ஸ்டென்டை மூளையில் வைத்திருந்தால் ஸ்டீலும் கோபால்டும் நிட்டினாலைவிடக் கதிரை அதிகம் தடுக்கும், கம்பியும் பல மாடல்களில் தடிமன் என்பதால் பரவல் இன்னும் கூடும்.

எனவே 40% என்ற ஒரு எண்ணைக் கண்டு தூக்கம் தொலைக்க வேண்டாம். கேட்க வேண்டியது வேறு: சுருக்கம் ஸ்டென்ட் முழுக்க ஒரே சீராக இருக்கிறதா, ஓரிடத்தில் மட்டுமா? சுவருக்கும் வெள்ளையாகத் தெரியும் ரத்தத்துக்கும் நடுவே கரும்பட்டை ஒன்று தெரிகிறதா? முழு நீளத்துக்கும் சமமாகத் தெரியும் சுருக்கம் பெரும்பாலும் ப்ளூமிங். ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் பிறை போல் கறுப்பு தெரிந்து, குறுக்குவெட்டிலும் நீளவெட்டிலும் அது அதே இடத்தில் நின்றால் அது உண்மையான வளர்ச்சியாக இருக்கலாம்.

7. கிட்னிக்கு ஆகாதாமே? சர்க்கரை மாத்திரையை நிறுத்தணுமா? ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் ஸ்கேனுக்காக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. "வெறும் வயிற்றில் வாங்க" என்று சொன்னதை மாத்திரையும் வேண்டாம் என்று புரிந்துகொண்டு விட்டுவிடுபவர்கள் உண்டு. புது ஸ்டென்டில் அது விபரீதம். ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொண்டு வரலாம்.

ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து அதிலிருந்து இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்னும் அளவு) கணக்கிடுவார்கள். 30-க்குக் கீழே இருந்தால் கான்ட்ராஸ்ட் தேவையா என்று யோசிக்க வேண்டும். 30-க்கு மேல் நிலையாக இருந்தால் பெரும்பாலானோருக்குப் பயமில்லை, தண்ணீர் நன்றாகக் குடித்தால் போதும். மெட்ஃபார்மினும் அதே கோடுதான்: 30-க்கு மேல் என்றால் கைநரம்பு ஊசிக்காக நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை, கீழே என்றால் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பரிசோதித்து மறுபடி தொடங்குவது. பல சென்டர்களில் எல்லோருக்கும் நிறுத்தச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அங்கே அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் சர்க்கரையைக் கவனியுங்கள். மீன், இறால் ஒவ்வாமைக்கும் கான்ட்ராஸ்டுக்கும் சம்பந்தமில்லை. முன்பு கான்ட்ராஸ்டுக்கே தடிப்போ மூச்சிரைப்போ வந்திருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

8. எங்க சென்டர்ல 128 ஸ்லைஸ் மெஷின்தான். ஸ்டென்ட் கேஸுக்கு எடுக்கற முறையில என்ன மாத்தணும்?

மெஷின் போதும், அவசரம்தான் கூடாது. வலது முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் கேனுலா. இடது கையில் போட்டால் மருந்து கழுத்து நரம்புகளுக்குள் பின்னோக்கி ஏறி, தமனிக்குப் பக்கத்திலேயே வெள்ளையாக நிற்கும். மி.லி.க்கு 350 முதல் 370 மி.கி. அயோடின் உள்ள கான்ட்ராஸ்ட் 50 முதல் 70 மி.லி., விநாடிக்கு 4 முதல் 5 மி.லி., பின்னாலேயே 40 மி.லி. சலைன். பெருந்தமனி வளைவில் டிராக்கர் வைத்து 100 ஹவுன்ஸ்பீல்ட் (சி.டி. படத்தில் அடர்த்தியை அளக்கும் அலகு) தாண்டியதும் தொடங்குங்கள். பிட்ச் (ஒரு சுற்றில் மேசை நகரும் தூரத்துக்கும் கதிர்ப் பட்டையின் அகலத்துக்கும் உள்ள விகிதம்) 1-க்குக் கீழே, கருவி தரும் மிக மெல்லிய கொலிமேஷன் (டிடெக்டர் வரிசையின் அகலம்). மருந்தில் கஞ்சம் வேண்டாம்: ரத்தம் 350, 400 ஹவுன்ஸ்பீல்டுக்கு வெளுத்திருந்தால் கம்பிக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் குறையும், பரவலும் அவ்வளவு உறுத்தாது.

தோடு, மூக்குத்தி, ஹேர்பின், கழற்றும் பல்செட் எல்லாம் வெளியே. பேசிலர் தமனியும் உள்கரோட்டிட் தமனியின் அடிப்பகுதியும் மண்டையோட்டின் அடிமட்டத்தில் கிடப்பவை. அதே மட்டத்தில் தோடு இருந்தால் கோடு கோடாகப் படத்தை அறுத்துவிடும். தாடையைச் சற்று உள்ளே இழுத்துத் தலையைப் பட்டியால் கட்டிவிடுங்கள், பல்லில் அடைத்த உலோகம் வழியிலிருந்து விலகும்.

9. எடுத்தது நல்லாத்தான் எடுத்தோம். ஆனா ஸ்டென்ட் வெறும் வெள்ளைக் கட்டியாத் தெரியுதே?

எடுத்ததில் பாதிதான் வேலை, மீதி ரீகன்ஸ்ட்ரக்ஷனில், அதாவது எடுத்த தகவலைப் படமாக்குவதில். முதல் தவறு, தலை முழுவதற்கும் போட்ட 220 மி.மீ. புலத்தையே பார்ப்பது. 512 கட்டத்தில் வகுத்தால் ஒரு பிக்சல் 0.43 மி.மீ. ஸ்டென்டைச் சுற்றி மட்டும் 100 மி.மீ. புலத்தில் மறுபடி போட்டால் பிக்சல் 0.2 மி.மீ. ஆகிறது. கருவியின் நுணுக்கம் இதனால் கூடிவிடாது, ஆனால் இருக்கும் நுணுக்கத்தை வீணாக்காமல் இருப்போம். ஸ்லைஸ் 0.5 அல்லது 0.6 மி.மீ., இடைவெளி 0.3 மி.மீ.

இரண்டாவது கெர்னல், படத்தைக் கூர்மையாக்கவோ மென்மையாக்கவோ செய்யும் கணக்கு. மென்மையான கெர்னல் மூளைத் திசுவுக்கு. ஸ்டென்டுக்கு நடுத்தரக் கூர்மையிலிருந்து கூர்மையான கெர்னல் வரை ஒன்று கூடுதலாகப் போடுங்கள். இரைச்சல் கூடும், அதை இட்டரேட்டிவ் முறையால் கொஞ்சம் அடக்கலாம். ஆனால் மிகக் கூர்மையான கெர்னல் கம்பியின் உள்விளிம்பை ஒட்டி ஒரு கறுப்புக் கோட்டைத் தானே உண்டாக்கும். அதை உள்தசை வளர்ச்சி என்று எழுதிவிடக் கூடாது. அந்தக் கோடு சுவரைச் சுற்றி ஒரே தடிமனில், எல்லாக் கம்பிக்கும் பக்கத்தில் இருந்தால் அது கெர்னலின் வேலை. இரண்டு கெர்னலிலும் நிலைத்து நிற்பதை மட்டும் நம்புங்கள்.

மூன்றாவது விண்டோ (எந்த அடர்த்தி கறுப்பு, எது வெள்ளை என்று திரையில் வைக்கும் எல்லை), காசு செலவில்லாத திருத்தம். குறுகிய விண்டோவில் கம்பி தடித்தும் குழாய் சுருங்கியும் தெரியும். அகலம் 1,000 முதல் 1,500, மையம் 300 அருகே வைத்துப் பாருங்கள்; காணாமல் போன உட்புறம் பல கேஸ்களில் அங்கேயே திறந்து தெரியும். இந்த ஒரு பட்டனைத் திருப்பாமல் எழுதிய ரிப்போர்ட்கள்தான் 6-ம் கேள்விக்காரரை அதிகம் அலைக்கழிப்பவை என்பது எங்கள் எண்ணம்.

10. 3டி படத்துல ஸ்டென்ட் இருக்கற இடத்துல ரத்தக்குழாயே இல்ல! முழு அடைப்புதானே?

எலும்பை நீக்கிய 3டி படமா என்று முதலில் பாருங்கள். மென்பொருள் அடர்த்தியான எதையும் எலும்பு என்று வெட்டும். ஸ்டென்டையும் வெட்டி, அதோடு உள்ளிருக்கும் ரத்தத்தையும் கொண்டுபோய்விடும். ஊசிக்கு முன் எடுத்த படத்தைக் கழித்துச் செய்யும் முறையிலும், தலை சற்று நகர்ந்திருந்தால் இதே கதி. எம்.ஐ.பி. படம் நேர் எதிர்: மிகப் பிரகாசமானதை மட்டும் எடுப்பதால் கம்பி முன்னால் நின்று உட்புறத்தை மறைக்கும். இரண்டுமே ஸ்டென்டின் இடத்தைக் காட்ட உதவும், திறந்திருக்கிறதா என்பதற்கு உதவாது. அதற்கு மெல்லிய மூலப்படங்களும், குழாயின் நடுக்கோட்டைப் பின்தொடர்ந்து நீட்டிய வளைவெட்டும், அதற்குச் செங்குத்தான குறுக்குவெட்டும் வேண்டும்.

11. 80 கே.வி.யில எடுத்தா அயோடின் பளிச்சுனு வருது. ஸ்டென்டுக்கும் அதுவே நல்லதா?

தலைக்குள் அனியூரிசம் தேடும்போது குறைந்த கிலோவோல்ட் நல்லது. ஸ்டென்டுக்கு அது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி: அயோடின் பளிச்சிடும், உலோகமும் பளிச்சிடும், இரைச்சலும் கூடும். நிட்டினால் மட்டும் என்றால் 100 நல்ல நடுவழி. பிளாட்டினம், டான்டலம் அதிகம் இருந்தாலோ அடிமண்டையோட்டு எலும்புக்கு நடுவே ஸ்டென்ட் இருந்தாலோ 120-ல் இருங்கள்.

டூயல் எனர்ஜி (இரண்டு சக்தியுள்ள எக்ஸ்ரேயில் எடுக்கும் முறை) இருந்தால் இந்தக் குழப்பத்தைப் பின்னால் தள்ளிப்போடலாம். ஒரே ஸ்கேனிலிருந்து 50, 70, 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று வெவ்வேறு படங்கள் போடலாம். ஏறினால் உலோகக் கோடுகள் குறையும், ரத்தத்தின் வெண்மையும் குறையும். உட்புறம் தெரிகிற, அதே சமயம் கோடுகள் அடங்குகிற இடம் கேஸுக்குக் கேஸ் மாறும். இரண்டு மூன்று மட்டத்தில் போட்டு ஒப்பிடுவது நல்லது. ஒன்றை மறக்க வேண்டாம்: இது கதிர் கடினமாவதால் வரும் கோடுகளைத்தான் குறைக்கும். நுணுக்கம் போதாமல் வரும் பரவலை இது முழுதாகப் போக்காது.

12. ஸ்டென்ட் முனையில மட்டும் புள்ளி புள்ளியா வெடிச்ச மாதிரி இருக்கே, அது என்ன?

ஸ்டென்ட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எக்ஸ்ரேயில் டாக்டருக்குத் தெரிவதற்காக முனைகளில் பிளாட்டினத்திலோ டான்டலத்திலோ வைத்த குறிகள். நிட்டினால் உடல் மங்கலாகத் தெரியும். இந்தக் குறிகள் கண்ணைப் பறிக்கும். சிக்கல் என்னவென்றால், மறுசுருக்கம் பிடித்துக்கொள்ளும் இடங்களில் முனையும் ஒன்று. குறியின் பிரகாசம் அதே 1, 2 மி.மீ. தூரத்தை மூடிவிடுகிறது. குறிக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் குறுக்குவெட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் குழாய் ஒரே அளவில் இருந்தால் நடுவில் தெரியும் இடுக்கு பெரும்பாலும் குறியின் விளைவு.

13. அனியூரிசத்துல காயிலும் இருக்கு, ஸ்டென்டும் இருக்கு. சி.டி. ஆஞ்சியோ எழுதிக் கொடுத்திருக்காங்க...

காயில் என்பது பிளாட்டினக் கம்பிச் சுருள். அதன் கோடுகள் பக்கத்திலுள்ள ஸ்டென்டை மட்டுமல்ல, அந்த மட்டத்தில் உள்ள எல்லாவற்றையும் விழுங்கும். காயிலை ஒட்டிய ஸ்டென்ட் பகுதிக்கும், அனியூரிசத்தின் கழுத்தில் மறுபடி ரத்தம் நிரம்புகிறதா என்பதற்கும் சி.டி. ஆஞ்சியோ சரியான கருவி இல்லை. எம்.ஆர்.ஏ.வோ டி.எஸ்.ஏ.வோ கேளுங்கள். காயிலிலிருந்து தள்ளியுள்ள ஸ்டென்ட் முனைகளையும், அப்பாலுள்ள கிளைகளையும் சி.டி.யில் பார்க்கலாம்.

உலோகக் கோடு குறைக்கும் மென்பொருளைப் போட்டால் படம் அழகாகிவிடும், நம்பிக்கை அந்த அளவுக்கு ஏறாது. அது உலோகம் போன பாதையிலுள்ள தகவலை அழித்து, அக்கம்பக்கத்தை வைத்து ஊகித்து நிரப்புகிறது. காயில் ஓரத்தில் இல்லாத கறுப்பு வளையத்தை அது வரைந்துவிடும். மெல்லிய ஸ்டென்ட் கம்பியைத் துடைத்தும் விடும். திருத்திய படத்தையும் திருத்தாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

14. ஃப்ளோ டைவர்ட்டருக்கும் இதே விதிதானா?

பாதி. பைப்லைனில் முக்கால் பங்கு இழைகள் கோபால்ட்-குரோமியம், கால் பங்கு பிளாட்டினம்-டங்ஸ்டன், பின்னல் நெருக்கம். அதனால் தனித்தனிக் கம்பியாகத் தெரியாமல் தொடர்ச்சியான வெள்ளைக் குழாயாகத் தெரியும். பின்னல் ஓரிடத்தில் விரியாமல் முறுக்கிக்கொண்டதா, முனை உள்ளே மடிந்துவிட்டதா, சுருங்கி நீளம் குறைந்து கழுத்தை விட்டு நழுவியதா, புடைப்புக்குள் இன்னும் கான்ட்ராஸ்ட் போகிறதா என்று சி.டி. சொல்லும். உள்ளே படர்ந்த மெல்லிய படலத்தைச் சொல்லாது.

வைக்கும் வேளையிலேயே சுவரோடு ஒட்டியதா என்று பார்க்க கேத் லேபில் கோன் பீம் சி.டி. எடுப்பார்கள். ஆஞ்சியோ கருவியே சுமார் 20 விநாடி நோயாளியைச் சுற்றிவரும். தண்ணீராக நீர்த்த கான்ட்ராஸ்டை நேராகத் தமனியில் விடுவார்கள். 0.2 மி.மீ.க்கும் குறைந்த கட்டங்களில் படம் கிடைப்பதால் இழையே தெரியும். நீர்க்காமல் விட்டால் மருந்தின் வெண்மையில் பின்னல் மறைந்துவிடும்.

15. ஸ்டென்ட் உள்ளே ஹவுன்ஸ்பீல்ட் அளந்தேன், வெளியிலவிட அதிகமா இருக்கு. நல்லா ஓடுதுன்னு எழுதலாமா?

எழுத வேண்டாம். 3 மி.மீ. குழாயில் நீங்கள் வைக்கும் வட்டத்துக்குள் கம்பியின் பரவலும் சேர்ந்துதான் வருகிறது. மென்மையான கெர்னலில் எண் பொய்யாக ஏறும், கூர்மையான கெர்னலில் 9-ல் சொன்ன கறுப்புக் கோட்டால் பொய்யாக இறங்கும். ஒரே கெர்னலில், ஒரே அளவு வட்டத்தில், ஸ்டென்டுக்கு முன்னும் உள்ளும் பின்னும் அளந்து ஒப்பிட்டால் ஓரளவு துணைச் சான்று கிடைக்கும். உள்ளே அறவே வெண்மை இல்லை என்பது மட்டும்தான் தன்னளவில் உறுதியான செய்தி.

16. ஸ்டென்டுக்கு அந்தப் பக்கம் கிளையெல்லாம் நிறைஞ்சிருக்கு. அப்போ திறந்துதானே இருக்கணும்?

பலரும் சறுக்கும் இடம் இது. மூளையில் பக்கவழிகள் உண்டு. நடு மூளைத் தமனி முழுக்க அடைபட்டாலும் முன், பின் தமனிகளின் மேற்பரப்புக் கிளைகள் வழியாக ரத்தம் பின்னோக்கி வந்து அப்பாலுள்ள கிளைகளை நிரப்பும். ஒரே வேளையில் எடுத்த சி.டி. ஆஞ்சியோவுக்குத் திசை தெரியாது. அடைப்பை ஒட்டிய பகுதி வெளிறியும் தொலைவிலுள்ள கிளை வெளுத்தும் இருந்தால் பின்னோக்கிய ஓட்டத்தைச் சந்தேகியுங்கள். சில விநாடி இடைவெளியில் இரண்டு மூன்று கட்டமாக எடுத்தால் எந்தப் பக்கம் தாமதமாக நிரம்புகிறது என்று தெரிந்துவிடும்.

சி.டி. பெர்ஃபியூஷன் இங்கே கைகொடுக்கும். உட்புறம் தெரியாவிட்டாலும், அந்தப் பகுதி மூளைக்கு ரத்தம் வந்து சேரும் நேரம் மறுபக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஸ்டென்டுக்கு முன் எடுத்த பெர்ஃபியூஷன் இருந்தால் ஒப்பீடு கூர்மையாகும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கும் ஸ்கேன் என்பதால் 80 கிலோவோல்டில், குறைந்த மில்லி ஆம்பியரில் எடுக்க வேண்டும். கருவியின் அமைப்பைச் சரிபார்க்காமல் விட்டதால் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் 200-க்கும் மேற்பட்டவர்கள் அளவுக்கு மீறிய கதிரைப் பெற்று, பலருக்கு முடி கொட்டியது 2009-ல் வெளியே வந்தது.

17. போன தடவை 30%, இந்தத் தடவை 55%. வேற சென்டர்ல எடுத்தோம். கூடிடுச்சா?

இரண்டு எண்ணும் ஒரே வழியில் வந்ததா என்று பார்க்காமல் கழிக்க முடியாது. மூளைத் தமனிக்கு வாசிட் முறையில் அளப்பார்கள்: மிகக் குறுகிய இடத்தின் விட்டத்தை, அதற்கு முன்னாலுள்ள நேரான, நோயில்லாத பகுதியின் விட்டத்தோடு ஒப்பிடுவது. 2.8 மி.மீ. குழாய் 1.4 மி.மீ. ஆனால் 50%. இதே சுருக்கத்தைப் பரப்பளவில் கணக்கிட்டால் 75% வரும். மென்பொருள் எதைக் கொடுத்தது என்று ரிப்போர்ட்டில் இல்லாவிட்டால் கேளுங்கள். 6-ம் கேள்வியின் 33% பொய்ச் சுருக்கம்கூட பரப்பளவில் 55% ஆகிவிடும். உங்கள் கேஸே அதுவாக இருக்கலாம்.

ஸ்லைஸ் தடிமன், கெர்னல், விண்டோ, கருவி ஆகியவற்றில் எது மாறினாலும் எண் மாறும். கூடுமானவரை ஒரே கருவியில், ஒரே முறையில் எடுங்கள். ஃபிலிமோடு நிற்காமல் மெல்லிய ஸ்லைஸ்கள் டைகாம் (ஸ்கேன் படங்களின் டிஜிட்டல் கோப்பு) வடிவில் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். பழையதையும் புதியதையும் ஒரே திரையில் ஒரே ஆள் அளந்தால்தான் பதில் கிடைக்கும்.

18. வெச்ச மறுநாள் சி.டி.யில மூளைக்குள்ள வெள்ளையா இருக்கு. ரத்தக்கசிவா?

இருக்கலாம், முந்தின நாள் விட்ட கான்ட்ராஸ்ட் திசுவில் ஊறி நிற்பதாகவும் இருக்கலாம். கான்ட்ராஸ்ட் 24 முதல் 48 மணி நேரத்தில் கரைந்துபோகும், ரத்தம் நாள்கணக்கில் நிற்கும், சுற்றி வீக்கமும் வரும். காத்திருக்க நேரமில்லாதபோது டூயல் எனர்ஜியில் அயோடினைப் பிரித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவு இதைப் பொறுத்தது.

19. போட்டான் கவுண்டிங் சி.டி. வந்துட்டா இந்தத் தலைவலி எல்லாம் தீருமா?

நிறையக் குறையும். சாதாரணக் கருவி எக்ஸ்ரேயை முதலில் ஒளியாக மாற்றிப் பிறகு மின்சாரமாக்கும்; கட்டங்களுக்கு இடையே தடுப்புச் சுவர் வேண்டும், அதனால் கட்டத்தை ஓரளவுக்குமேல் சிறிதாக்குவது கடினம். போட்டான் கவுண்டிங்கில் ஒவ்வொரு போட்டானும் நேராக மின்துடிப்பாக எண்ணப்படுகிறது. 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சீமென்ஸ் நியோடோம் ஆல்ஃபாவில் 0.2 மி.மீ. ஸ்லைஸ் கிடைக்கிறது. கம்பிப் பரவல் பாதிக்குக் குறைந்தாலே 6-ல் போட்ட கணக்கில் 33% என்பது 17%-க்குப் பக்கம் வந்துவிடும். பூஜ்யம் ஆகாது. 0.07 மி.மீ. கம்பி 0.2 மி.மீ.யைவிடச் சிறியதுதானே.

கருவி புதிது என்பதற்காக 9-ம் கேள்வியை மறந்தால் பயனில்லை. 220 மி.மீ. புலத்தில், மென்மையான கெர்னலில், 1 மி.மீ. ஸ்லைஸாகப் போட்டால் கோடிக்கணக்கான ரூபாய்க் கருவியும் பழைய படத்தையே தரும்.

20. சி.டி. ஆஞ்சியோ நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஆனா நேத்துலேருந்து ஒரு கை மரத்துப்போகுது...

கை, கால், முகம், பேச்சு, பார்வை எதில் புதிய மாற்றம் வந்தாலும் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நிகழ்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இம்ப்ளான்ட் அட்டையையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் சாதா சி.டி., உடனே ஆஞ்சியோ என்றுதான் மறுபடி தொடங்குவார்கள். போன மாதத்து நல்ல ஸ்கேன் இன்றைய நிலையைச் சொல்லாது.

புதிய ஸ்கேனிலும் ஸ்டென்ட் திறந்திருக்கலாம். நடு மூளைத் தமனியிலிருந்தும் பேசிலரிலிருந்தும் அரை மி.மீ.க்கும் குறைந்த ஊடுருவும் கிளைகள் நேராக மூளையின் ஆழத்துக்குப் போகின்றன. ஸ்டென்ட் கொழுப்பை அழுத்தும்போது அவற்றின் வாய் மூடிக்கொள்ளலாம், பிற்பாடும் அடைபடலாம். இந்தக் கிளைகளைச் சி.டி. ஆஞ்சியோ காட்டாது. டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.யில் அவை ஊட்டிய இடம் சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அவசர சிகிச்சையில் சி.டி. "நார்மல்" என்று சொல்லி அறிகுறி நீடித்தால், டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.